கழிவாக எடுத்த இரண்டு ஈயக்கட்டிகள்

பிள்ளை, இந்தப் பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று வாசிக்காதே. சின்னப் பொதிதான், ஆனால் பாரம். மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இரு. உள்ளே என்ன என்று பிரித்துப் பார்க்க முன்னம் இதை முழுதும் வாசித்து முடி. முடிக்காமல் பிரித்தால் அப்பா ஒரு கள்ளன் என்பது மட்டும்தான் விளங்கும். எப்படிப்பட்ட கள்ளன் என்பது விளங்காது. நீ கொழும்புக்குப் போய் இன்றைக்குப் பதினாறு நாள். மயிலிட்டிக் கடலில் நான் உன்னோடு சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கி, மூக்கால் இரத்தம் வடிய மேலே வந்து ஐந்து கிழமை. இந்த மாதம் முடிய முன்னம் நீ உன் மாஸ்டருக்குப் பதில் சொல்லாவிட்டால், சுழியோடப் பழக்கும் ஆசிரியை ஆவதற்கான சோதனையில் உனக்கென்று அவர் பிடித்து வைத்திருக்கும் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். நீ வேண்டாம் என்று எழுதப்போகிறாய் என்பதும் தெரியும். "பெத்த தகப்பனையே சாகக் குடுக்கப் பாத்தவள், ஊர்ப் பிள்ளையளை எந்த முகத்தோடை கடலுக்கை கூட்டிக்கொண்டு போறது" என்று நீ அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். கேட்டுக்கொண்டு வாயை மூடி இருந்தேன். அந்த வாயைத்தான் இப்போது கடதாசியில் திறக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று குழப்பமாக இருக்கிறது. இது நான்காவது தாள். முதல் மூன்றிலும் தொடக்கத்திலேயே புத்தி சொல்லத் தொடங்கிவிட்டேன். வாசித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. ஓ.எல். சோதனையில் கணக்குப் பாஸ், விஞ்ஞானம் இரண்டு தரமும் பெயில் ஆனவன், கடற்புல்லை எண்ணிப் பட்டம் எடுத்த பிள்ளைக்குப் புத்தி சொல்வதென்றால் அதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு எப்போதும் கூடிப்போச்சு என்று அம்மா சொல்லுவாள். உனக்கு ஏழு வயதில் எங்கள் தோட்டக் கிணற்றில் நான் உனக்கு நீந்தப் பழக்கியது அந்தத் தைரியத்தில்தான். வெறும் பிளாஸ்ரிக் கலன் ஒன்றை மூடி இறுக்கி உன் உடம்பில் கட்டினேன். முதுகில் கட்டியிருக்க வேண்டும். நான் இடுப்பில் கட்டினேன். தண்ணீரில் விட்டதும் கலன் தன் வேலையைச் சரியாகச் செய்தது: உன் குண்டியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே தாட்டது. நான் உடுத்த சாரத்தோடு குதித்து உன்னை நிமிர்த்தினேன். நீ இருமி முடிந்ததும் அழுவாய் என்று பார்த்தேன். நீ கேட்டது, "அப்பா, கிணத்துக்குள்ளை கல்லெல்லாம் பச்சையா இருக்கு, பாத்தனீங்களோ?" அம்மா என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. மிதப்பு என்ற விஷயத்தில் நான் உனக்குச் செய்த முதல் பிழை அது. நீ அதைப் பிழையாக எடுக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே கடல் வரைக்கும் போய்விட்டாய்.

கடலுக்குள் இறங்க நான் ஏன் சம்மதித்தேன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முன்பின் சிலிண்டர் கட்டியிராத, வயது போன ஒருவரை மாஸ்டரின் கண்முன் நீ கூட்டிக்கொண்டு இறங்கிக் காட்ட வேண்டும் என்றாய். ஊரில் ஒருத்தரும் வரவில்லை. நான் வருகிறேன் என்றபோது அது மகள் மேல் உள்ள பாசம் என்று நீ நினைத்தாய். பாசமும்தான். ஆனால் உரும்பிராய் மாமி வந்து குந்தியிருந்து கேட்ட கேள்வி என் காதுக்குள் நின்றது. "அண்ணை, தோட்டம் செய்யிற வீட்டுப் பிள்ளை கடலுக்கை கிடந்து என்னத்தைத் தேடுறாள்? மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது, மீன் பிடிக்கிறாள் எண்டோ?" நான் அவளுக்கு ஒரு மறுமொழியும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கும் தெரியாது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் மூன்று முறை முங்கி எழும்புவதோடு எங்கள் ஆட்களுக்குக் கடல் முடிந்துபோகும். அப்படி என்னதான் அதற்குள் இருக்கிறது, என் பிள்ளையை என்னிடம் இருந்து எடுத்துக்கொண்டு போக, என்று பார்க்கத்தான் வந்தேன். வேவு பார்க்க வந்தேன் என்றும் சொல்லலாம்.

முதல் நாள் துறைக்குப் பக்கத்தில், கழுத்தளவு தண்ணீரில் நீ எனக்கு நிறை பார்த்தாய். அந்த இறப்பர் உடுப்புக்குள் என்னை நுழைக்கவே உனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. படகுக்கார அருளப்பு அண்ணை கரையில் நின்று, "தம்பி, உரிச்ச கத்தரிக்காயைத் திருப்பித் தோலுக்குள்ளை வைக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். இடுப்புப் பட்டியில் ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாகக் கோத்தாய். ஒன்று ஒரு கிலோ. "மூச்சை இழுத்துப்போட்டுச் சும்மா நில்லுங்கோ அப்பா. நீந்தப்படாது" என்றாய். நான்காவது கட்டியோடு தண்ணீர் என் கண் மட்டத்தில் வந்து நின்றது. நீ சந்தோஷமாக இன்னும் இரண்டைக் கோத்தாய்.

"நாலுக்கே சரியா நிக்கிறன். பேந்து ஏன் இன்னும் ரண்டு?"

"சிலிண்டருக்குள்ளை இருக்கிற காத்துக்கும் பாரம் இருக்கப்பா. நீங்கள் மூச்செடுக்க எடுக்க அது குறையும். கடைசியிலை சிலிண்டர் லேசாகி உங்களை மேலை தூக்கப் பாக்கும். அதுக்குத்தான் முதலே ரண்டு கூடப் போடுறது."

"காத்துக்கு ரண்டு கிலோவோ?"

"ஓம்."

"உன்ரை அப்பனுக்கே கதை விடுறாய்."

"அப்பா! சொன்னதைக் கேளுங்கோ."

கேட்டேன். காதால் கேட்டேன். ஆனால் மண்டைக்குள் போன பாதை வேறு. முப்பத்தைந்து வருஷமாகச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிறவனுடைய மண்டை அது. நூறு கிலோ கொண்டுபோய் இறக்கினால் வியாபாரி தொண்ணூறு என்று எழுதுவான். மிச்சம் பத்து, கழிவு. ஏன் கழிவு என்று கேட்டால் எல்லா வியாபாரியும் ஒரே பாட்டைத்தான் பாடுவான்: "வெங்காயம் காயுமண்ணை. காஞ்சால் நிறை குறையும். அதுக்குத்தான்." உனக்கு ஒன்பது வயதிருக்கும், ஒருநாள் சைக்கிள் பாரில் இருந்து சந்தைக்கு வந்தாய். தராசையும் வியாபாரி எழுதின துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, அந்தப் பத்துக் கிலோ எங்கை?" என்று கேட்டாய். "காத்தோடை போட்டுது பிள்ளை" என்றேன். "அப்ப காத்துக்குப் பாரம் இருக்கோ?" என்றாய். வியாபாரியும் நானும் சேர்ந்து சிரித்தோம். அன்றைக்கு அவனும் நானும் ஒத்துப்போனது அந்த ஒரு சிரிப்பில் மட்டும்தான். ஆக, நிறுப்பவர்கள் எல்லாரும் பிறகு குறையும், பிறகு காயும் என்று ஒரு நியாயம் சொல்லித் தங்களுக்கு வசதியாக ஒன்றிரண்டைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள் என்பது எனக்கு வேதம் மாதிரி. நீ காற்றுக் குறையும் என்று சொன்னதும் என் மண்டை உன்னையும் கொண்டுபோய் அந்த வரிசையில் இருத்திவிட்டது. இவள் பயத்தில் இரண்டைக் கூடப் போடுகிறாள், இது பயக் கழிவு, நாங்களே வெட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தேன்.

மற்ற நாள் படகில், நீ முன்னுக்கு நின்று மாஸ்டரோடு கதைத்துக்கொண்டிருந்தாய். அருளப்பு அண்ணை நங்கூரக் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தார். பட்டி என் காலடியில் கிடந்தது. நீ ஆறையும் தொட்டுத் தொட்டு எண்ணி வைத்துவிட்டுப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன், பிள்ளை. பட்டியின் நுனிப் பக்கத்தில் இருந்த இரண்டை உருவினேன். கழற்றி வைத்த என் சாரத்தில் சுற்றிச் சோற்றுப் பைக்குள் தள்ளினேன். எனக்கு ஒரு பயமும் இல்லை. கெட்டித்தனம் செய்த சந்தோஷம்தான் இருந்தது. நீ வந்து பட்டியைக் கட்டிவிட்டபோது திருப்பி எண்ணவில்லை. எண்ணி வைத்ததைச் சொந்தத் தகப்பன் குறைப்பான் என்று எந்தப் பிள்ளை நினைக்கும்?

இறங்கும்போதே சரிவரவில்லை. உடம்பு தாழ மாட்டேன் என்று நின்றது. "மூச்சை முழுக்க விடுங்கோ அப்பா, நெஞ்சுக்குள்ளை வைச்சிருக்கிறியள்" என்று நீ சொன்னாய். புது ஆட்களின் பயம் என்று நினைத்து என்னைக் கையில் பிடித்து நங்கூரக் கயிறு வழியே இறக்கினாய். ஒன்பது மீற்றரில் ஒரு சிவப்பு பிளாஸ்ரிக் வாளி சரிந்து கிடந்தது. அதற்குள் ஒரு கணவாய் மீன் இருந்துகொண்டு, வாசலில் வந்து நிற்பது ஆர் என்று பார்ப்பது மாதிரி எங்களைப் பார்த்தது. அந்த இடத்தில்தான் அது நடந்தது. நான் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. மூச்சை இழுத்தால் ஒரு சாண் எழும்பினேன், விட்டால் ஒரு சாண் இறங்கினேன். கையும் காலும் சும்மா கிடந்தன. ஐம்பத்தெட்டு வருஷமாக இந்த உடம்பை நான்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்; அந்தப் பத்து மூச்சு நேரம் ஒருவரும் ஒன்றையும் சுமக்கவில்லை. நீ முன்னுக்கு வந்து விரலை வளைத்து எல்லாம் சரி என்று காட்டினாய். கண்ணாடிக்குள் உன் கண் சிரித்தது. மாமிக்குச் சொல்ல வேண்டிய மறுமொழி அங்கேதான் கிடைத்தது, ஆனால் அதை எப்படி வாயால் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அந்தப் பத்து மூச்சும் நீ பழக்கினதால் வந்ததா, நான் இரண்டைக் குறைத்ததால் வந்ததா? உன்னிடம் கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். கேட்டால் களவு வெளியில் வரும்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்தில் இருந்து தெரியாது. மேலே வரும் வழியில் ஐந்து மீற்றரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். அதற்குள் சிலிண்டரில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. முதலில் என் கால்கள் மேலே போகத் தொடங்கின. ஒரு கை கயிற்றில், மற்றக் கை, மிதக்க உதவும் காற்றுச் சட்டையின் குழாயில். அதில் இரண்டு பொத்தான். ஒன்று காற்றுச் சட்டையை நிரப்பும், மற்றது காற்றை வெளியில் விடும். "ஒருக்கா அமத்திப்போட்டு மூண்டு எண்ணுங்கோ. உடனை ஒண்டும் தெரியாது. தெரியேல்லை எண்டு திருப்பித் திருப்பி அமத்தாதேங்கோ" என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். எனக்கு எது எந்தப் பொத்தான் என்று மறந்துபோனது. நெருப்புப் பிடித்த வீட்டில் லைற் சுவிச்சைத் தேடுகிறவன் மாதிரி இரண்டையும் அமத்தினேன். கயிற்றையும் விட்டேன். சட்டை, கன்று போடப்போகும் பசுவின் வயிறு மாதிரி ஊதியது. நீ பாய்ந்து என் காலைப் பிடித்தாய். இரண்டு பேருமாகப் போனோம் மேலே. நீ உன் வாயைக் காட்டிக் காட்டிக் குமிழி விட்டாய், மூச்சை விடுங்கோ என்று. நானோ கிணற்றில் முங்கிப் பழகினவன். தண்ணீருக்குள் பயம் வந்தால் மூச்சை இறுக்கிப் பிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. பிடித்துக்கொண்டே போனேன். கடைசியில் நெஞ்சு தாங்காமல், கடித்திருந்த குழாயையும் துப்பிவிட்டு, "ஐயோ பிள்ளை" என்று கத்தினேன்.

"கத்தினபடியால் தப்பினியள் ஐயா" என்று பெரியாஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். "காத்தை அடக்கிக்கொண்டு வந்திருந்தால் நெஞ்சுக்குள்ளை கிழிஞ்சிருக்கும்." என் வாழ்நாளில் வாயைத் திறந்ததால் எனக்கு நன்மை வந்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு திறக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மூடிக்கொண்டேன்.

மேலே வந்ததும் நீ முதல் செய்த வேலை, என் ஈயப் பட்டியின் கொளுக்கியைத் தட்டிக் கழற்றிக் கடலுக்குள் விட்டது. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பிறகு அறிந்தேன். நான்கு கட்டியோடு அது தாழ்ந்து போவதை இரத்தம் கலங்கின கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். பிள்ளை, இதை எழுதவே கை கூசுகிறது. அந்த நேரத்திலும், மூக்கால் இரத்தம் வடிய, நீ என் தாடையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, என்னைப் பாருங்கோ, என்னைப் பாருங்கோ" என்று கத்திக்கொண்டிருந்த நேரத்திலும், எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. இனி ஒருவரும் எண்ண முடியாது.

படகில் மாஸ்டர் உன்னை ஏசவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "எத்தினை போட்டனீர்?"

"ஆறு, சேர்."

"ஆறு போட்ட ஆள் இப்பிடி வராது. வடிவா யோசியும்."

"எண்ணினனான் சேர்" என்றாய். துறைக்கு வந்து இறங்கும்போது அவர் கேட்காமலே, "எண்ணினனான் எண்டுதான் நினைக்கிறன்" என்றாய். ஆஸ்பத்திரி வாங்கில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நான் எண்ணேல்லைப் போலை அப்பா" என்றாய். மூன்றையும் நான் கேட்டேன். மூக்குக்குள் பஞ்சு, வாய் சும்மாதான் இருந்தது. நீ உன் கையால் அறிக்கை எழுதினாய், நிறையை நான் பிழையாக மதித்தேன் என்று. என்னிடம் வாசித்தும் காட்டினாய். நான் தலையை ஆட்டினேன்.

வெட்கத்தில் பேசாமல் இருந்தேன் என்றால் பாதி உண்மை. மற்றப் பாதியையும் சொன்னால்தான் இந்தக் கடிதத்துக்கு ஒரு பெறுமதி. இரண்டு கிழமைக்குப் பிறகு, முற்றத்தில் அம்மா மிளகாய் காயப்போட்டிருந்த இடத்தில், நீ கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "நான் சோதனைக்குப் போகேல்லை அம்மா, கொழும்பிலை அந்தக் கந்தோர் வேலையை எடுக்கப்போறன்" என்றாயே, ஞாபகமா? மிளகாய் பரப்பின தறப்பாள் காற்றுக்கு எழும்பாமல் மூலைக்கு ஒரு பாரம் வைத்திருந்தது. இரண்டு மூலையில் செங்கல். மற்ற இரண்டில் அந்த ஈயக்கட்டிகள். சாரத்தைத் தோய்க்க எடுத்த அம்மா, "இதென்னப்பா?" என்று கேட்க, வலைக்குப் போடும் ஈயம், அருளப்பு அண்ணை தந்தது என்று நான் சொன்னதை நம்பி அவள் அங்கே வைத்திருந்தாள். ஒன்று உன் காலில் இருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. நீ குனிந்தால் கண்டிருப்பாய். நான் போய் அதன் மேல் குந்தினேன். நீ கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கதைத்து முடியும் வரைக்கும் அதன் மேல்தான் குந்தியிருந்தேன். "ஏன் அப்பா நிலத்திலை இருக்கிறியள், கதிரை எடுத்து வரட்டோ?" என்றுகூடக் கேட்டாய். வேண்டாம் என்றேன். உட்கார்ந்த இடம் நொந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒருவன் சந்தோஷப்பட்டான். கடலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளை கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருக்கப்போகிறாள், மாமிக்கும் மறுமொழி சொல்லலாம் என்று. ஈயத்தை எடுத்தது விசர்த்தனம். அதை நீ மன்னிப்பாய். அதன் மேல் குந்தியிருந்தது விசர்த்தனம் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை சந்தைக்கு எண்பது கிலோ வெங்காயம் கொண்டுபோனேன். வீட்டில் நிறுத்துக் கட்டினது. வியாபாரி தராசைப் பார்த்துவிட்டு எழுபத்தாறு என்றான், கழிவு வெட்ட முன்னமே. நான் சண்டைக்குப் போனேன். "வீட்டிலை ரண்டு தரம் நிறுத்துப் பாத்திட்டு வந்தனான் தம்பி." அவன் கோபப்படவில்லை, அதுதான் பொல்லாதது. சிரித்துக்கொண்டு, "அண்ணை, வயது போகுது. பிழையா நிறுத்திருப்பியள்" என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது முதலில், நான் சரியாகத்தான் நிறுத்தேன் என்று நினைத்தேன். புத்தூர்ச் சந்தி வர, நிறுத்தேன் என்றுதான் நினைக்கிறேன் என்று வந்தது. படலையைத் திறக்கும்போது, கண் தெரியாமல் பிழை விட்டிருப்பேனோ என்று வந்துவிட்டது. வீட்டுத் தராசு பழுதோ என்று சோதிக்க ஒரு சரியான நிறை வேண்டும். முற்றத்தில் தேடினேன். தறப்பாள் மூலையில் இருந்த ஈயங்களை எடுத்துத் தட்டில் வைத்தேன். முள் இரண்டு கிலோவில் போய் நின்றது. ஒரு மயிர் கூட இல்லை, ஒரு மயிர் குறைய இல்லை.

தராசு சரி. நான் நிறுத்ததும் சரி. அந்தச் சந்தோஷத்தோடு நிமிர்ந்தவன் அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன். எனக்குச் சந்தையில் இருந்து படலை வரைக்கும் எடுத்த தூரம், உனக்குப் படகில் இருந்து ஆஸ்பத்திரி வாங்கு வரைக்கும். எனக்கு வீட்டில் ஒரு தராசு இருந்தது, போய்ச் சோதிக்க. உன்னுடைய தராசின் மேல் நான் குந்தியிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அவளைத் திருப்பிக் கடலுக்கை தள்ளப்போறியளோ?" என்றாள்.

"தெரியாது."

"உண்மையைச் சொன்னால் போவாள்."

"ஓம். போவாள்."

"ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால்?"

அவள் அரிசியை உலையில் போட்டுவிட்டு உள்ளே போய், உன் பழைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "வடிவாச் சுத்துங்கோ. பாரச் சாமான், தபாலிலை பொதி கிழிஞ்சு ஒண்டு விழுந்திடும்." அவ்வளவுதான் சொன்னாள். அது சம்மதமா, கோபமா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து தேத்தண்ணியில் சீனி குறைவாக இருக்கிறது.

புத்தி சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் தகப்பனுக்குக் கை சும்மா இருக்காது. உன்னுடைய பாடத்தையே உனக்குத் திருப்பித் தருகிறேன்: ஒருக்கா அமத்திவிட்டு மூன்று எண்ணு. கொழும்பில் வேலை எடுத்தது ஒரு அமத்தல். சோதனை வேண்டாம் என்று எழுதுவது அடுத்த அமத்தல். இடையில் நீ எண்ணவில்லை. இதைக் கல்யாணத்துக்கும் பொருத்தி ஏதாவது சொல்லலாம் என்று நேற்று முழுக்க யோசித்தேன், பொருந்தவில்லை, விட்டுவிட்டேன். உரும்பிராய் மாமிக்கு மட்டும் ஃபோன் எடுத்து, பிள்ளை கடலுக்குள் என்ன தேடுகிறாள் என்று எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும், ஆனால் சொல்லத் தெரியாது, வேண்டுமென்றால் வந்து அந்த இறப்பர் உடுப்பைப் போட்டுப் பார் என்றேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

நீ கடலுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போகக்கூடாது என்றும் கேட்கவில்லை. எனக்கு எது வேண்டும் என்று காலையில் ஒன்று நினைக்கிறேன், பின்னேரம் வேறொன்று. நீ தண்ணீருக்குள் இருக்கும் நாட்களில் எனக்கு நெஞ்சு பதறும், அது இனி நிற்கவும் போவதில்லை. ஆனால் நீ போகாமல் விடுவதென்றால் உன் சொந்தக் காரணத்துக்காக விடு. என் களவுக்காக விடாதே. மாஸ்டருக்கு இன்னொரு தாள் எழுதி, கையெழுத்து வைத்து, உள்ளே மடித்திருக்கிறேன்: ஆறு போட்டது அவள், இரண்டு எடுத்தது நான் என்று. அனுப்புவதும் கிழிப்பதும் உன் விருப்பம். சோதனைக்குத் தண்ணீருக்குள் இறங்க வயது போன ஆள் ஒருவர் தேவைப்பட்டால், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்கவே வெட்கம், ஆனாலும் வருவேன். பயம் இருக்கிறது. பொத்தான் இரண்டும் இன்னும் மாறித்தான் வருகிறது. அருளப்பு அண்ணையிடம் சொன்னேன். "நீ வாறதெண்டால் உன்ரை சோத்துப் பையை முதல் என்னட்டைத் தா" என்றார்.

இனிப் பொதியைப் பிரி. சட்டைத் துண்டுக்குள் இருப்பது இரண்டு கட்டி. வீட்டுத் தராசிலும் நிறுத்தேன், தபால் கந்தோரிலும் நிறுப்பார்கள். இருந்தாலும் அப்பா சொன்னார் என்று விட்டுவிடாதே, பிள்ளை. கையால் தொட்டு நீயே எண்ணு. அடுத்த முறை பட்டியைக் கட்டும்போதும், அது என் இடுப்பாக இருந்தால், திருப்பி ஒருக்கா எண்ணு.